கோஸ் வெட்டும் கத்தி

மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையில் நான் சமூகப் பணியாளர். மக்களோடு சேர்ந்து, மனநோய் வந்தவர்களின் சமத்துவத்துக்காக வேலை செய்ய வேண்டும் என்று துறை ஒரு திட்டம் தொடங்கியபோது, மலை ஏறி இறங்கும் வேலை என் தலையில் விழுந்தது. 'நோயாளி' என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பதிலேயே எங்கள் கூட்டங்களில் பாதி நேரம் போய்விடும். எனக்கு எரிச்சலாக வரும்.

மலைமேல் மன்னவனூரில் ஒருவர் எங்களிடம் மருந்து சாப்பிட்டுத் தேறியிருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். கோஸ் அறுவடையில் கெட்டிக்காரர். நோய் முற்றியிருந்தபோதுகூட யாரையும் அடித்ததில்லை. தனக்குத் தானே பேசிக்கொண்டு திரிந்தார், அவ்வளவுதான். இருந்தும் வேலை கொடுத்த தோட்டக்காரர் அவர் கையில் கத்தி கொடுக்காமல் மூட்டை தூக்க மட்டுமே விட்டார்.

"கத்தியக் குடுக்கச் சொல்லுங்கம்மா, அது போதும்" என்றார் என்னிடம்.

மனநோய் பற்றிய துண்டறிக்கைகளோடு தோட்டத்துக்குப் போனேன். தோட்டக்காரர் மரியாதையாகத்தான் பேசினார்.

"நல்ல மனுசந்தாங்க. ஆனா ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

"மத்தவங்களுக்கெல்லாம் யாரு எழுதிக் குடுத்தா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அவர் முகம் கறுத்தது. காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வரிசையில் குனிந்து கோஸ் வெட்டிக்கொண்டிருந்த, தேறியவரின் மனைவி நிமிர்ந்தார். நேராக வந்து, தன் கத்தியை, மூட்டை தூக்கிக்கொண்டிருந்த கணவர் கையில் வைத்தார்.

"பயப்படுறதுன்னா மொதல்ல நானுல்ல மொதலாளி பயப்படணும்? ஒரே வீட்டுல படுத்து எந்திரிக்கேன்."

சொல்லிவிட்டு, சாக்கை எடுத்துக்கொண்டு கணவருக்குப் பக்கத்திலேயே நின்றார்.

கணவர் குனிந்தார். மாத்திரையால் கை லேசாக நடுங்கியது. விரலை வெட்டிக்கொண்டால் எல்லாம் முடிந்தது என்று பயந்தேன். முதல் கோஸ் சாக்கில் விழுந்தது. பிறகு இன்னொன்று. மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நோய் வந்த நாளிலிருந்து அந்தத் தோட்டத்தில் அவரிடம் யாரும் குரல் உயர்த்தியதில்லை. சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார்கள்.

"ஏலே, என்ன தடவிக்கிட்டு நிக்கே? லாரி வந்துரும், வெரசா வெட்டு!" என்று தோட்டக்காரர் அதட்டினார்.

கணவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.