மூடியின் உட்பக்கம்

என் சமையலறையில் ஆணியில் தொங்கும் அந்த அலுமினிய மூடி என்னிடம் இருக்கும் எந்தப் பானைக்கும் பொருந்தாது. விளிம்பு முழுக்க நெளிந்திருக்கிறது. நடுவில் இருந்த குமிழ் எப்போதோ கழன்றுவிட்டது. அந்த ஓட்டையில் பழைய சப்பாத்து நூல் ஒன்று முடிந்திருக்கிறது. உட்பக்கத்தில் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாத ஒரு கரிவளையம். வீட்டுக்கு வருகிறவர்கள், இதை ஏன் இன்னும் எறியாமல் வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். "கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விடுவேன். நாலு பேர் முன்னால் நீளமாகப் பேச எனக்கு வராது. சொல்லத் தொடங்கினால் ஒரு பேஸ்போல் அணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்திக்கும் பேஸ்போலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். பிறகு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேச வராத ஆள் எழுதிப் பார்க்கலாம்தானே என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தெற்கு ஜேர்மனியின் ஒரு சிறு நகரத்தில், அமெரிக்கப் படையினர் விட்டுப்போன முகாம் ஒன்றில் எங்களைத் தங்கவைத்திருந்தார்கள். அகதி வழக்கு முடியும்வரை அதுதான் வீடு. நாங்கள் அதை ஹைம் என்று அவர்களுடைய சொல்லாலேயே சொல்வோம். என் அறையில் எனக்கு முன்பே இருந்தவர் அக்கா. இரத்த உறவு இல்லை. அவர் மன்னார், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட. வந்த அன்று என் பையை வாங்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, "சப்பாத்தைக் கழட்டிக் கட்டிலுக்குப் பக்கத்தில வை. தூர வைக்காதை" என்றார். ஏன் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டவர் வேண்டாம் என்றவர்கள் எங்கள் மாதிரி ஹைம்களுக்குத் தீ வைத்த காலம் அது. ஒவ்வொரு செய்தி வரும்போதும் தாய்மார் பிள்ளைகளை உடுப்போடு படுக்கவைத்தார்கள். நான் என் அகதி அட்டையையும் வழக்குக் கடிதங்களையும் ஒரு துணிப்பையில் போட்டுத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கினேன். தூங்கினேன் என்று சொல்வதும் சரியில்லை.

ஒரு ஞாயிறு மதியம், குளிர் விட்டு முதல் வெயில் அடித்த நாள், முகாமின் பின்பக்கத்தில் இருந்து முரசுச் சத்தம் கேட்டது. பிறகு ஆண்கள் கூட்டமாகக் கத்தும் சத்தம். எங்கள் மாடியில் யாரும் எதையும் கேட்கவில்லை, யோசிக்கவில்லை. பிள்ளைகளை உள்ளே இழுத்தார்கள். அலுமாரியை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். பொதுச் சமையலறையில் சோறு வடித்துக்கொண்டிருந்த அக்கா மட்டும், கையில் இருந்த பானை மூடியைக் கீழே வைக்காமலே, அதை நெஞ்சுக்கு முன்னால் பிடித்தபடி படியிறங்கிப் போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை. கடைசியில் நான் ஜன்னலால் எட்டிப் பார்த்தபோது, பின்வேலியோரம் நின்று மூடியை ஆட்டி ஆட்டி யாருக்கோ ஏதோ கத்திக்கொண்டிருந்தார். அவரை அடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். முட்டுக் கொடுத்த அலுமாரியைத் தள்ளிவிட்டு இறங்கிப் போனேன்.

"எடி, பயந்து சாகாதை. எங்கட எல்லேயைத்தான் உவங்கள் காற்சட்டை போட்டு விளையாடுறாங்கள்!"

எல்லே நம்மூர்ப் பள்ளிக்கூட விளையாட்டு. மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓர் இடத்தில் இருந்து அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். இடைநடுவில் பந்தால் எறிந்து பட்டால் ஆள் வெளியே. அக்கா தன் பள்ளிக்கூட அணியில் ஆடியவர். அமெரிக்கர்கள் விட்டுப்போன அந்த மைதானத்தில் இப்போது நகரத்து அணி விளையாடியது. நாட்டின் மேற்பிரிவில் ஆடிய அணி. அமெரிக்காவில் இருந்து சம்பளத்துக்குக் கொண்டுவந்த இரண்டு மூன்று பேரும் அதில் இருந்தார்கள். அன்று சோறு குழைந்துபோனது. அக்கா அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

அதற்குப் பிறகு, இங்கே ஆட்டம் நடந்த ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் மைதானத்தில் இருந்தோம். முரசடித்தவர் நகரத்தில் பாண் சுட்டு விற்கும் கடை வைத்திருந்த பெரியவர். வயிறும் மீசையுமாக இருப்பார். முதல்நாளே வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களை உள்ளே கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இருத்தினார். அக்கா அகப்பைக் காம்பால் மூடியை அடிக்கத் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு, "என் முரசை வீட்டில் விட்டுவிட்டு வரலாம் போலிருக்கிறது" என்றார். அடிபட்டு அடிபட்டு மூடியின் குமிழ் கழன்று பறந்ததும் தன் சப்பாத்து நூலை உருவி ஓட்டையில் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

எனக்கு அந்த விளையாட்டு பயமாகவே இருந்தது. மூலைகளில் கிடக்கும் வெள்ளை மெத்தைகளைச் சுற்றி ஓடி, வீடு என்று அவர்கள் சொல்லும் தொடக்க இடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் புள்ளி. ஓடுகிறவன் கால் மெத்தையில் இருக்கும்வரை யாரும் அவனைத் தொட முடியாது. ஆனால் அவன் அதிலேயே நிற்க மாட்டான். பந்து எறிபவனைப் பார்த்தபடி ஓரடி விலகுவான், இன்னும் ஓரடி விலகுவான். அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். "ஏன்க்கா அவன் விட்டுட்டுப் போறான்? அதிலயே நிண்டால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். "அதிலயே நிண்டால் எப்பிடியடி வீட்டை வந்து சேருறது?" என்றார் அக்கா, மைதானத்தில் இருந்து கண்ணை எடுக்காமல்.

எங்களுக்கும் அப்படி ஓர் எல்லை இருந்தது. வழக்கு முடியாதவர்கள் தங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. வேலியோ கோடோ இல்லை. பெருந்தெருவில் ஒரு மஞ்சள் பலகை நிற்கும், அவ்வளவுதான். அதைத் தாண்டிப் பொலிஸிடம் பிடிபட்டால் குற்றம். வழக்கைக் கெடுத்துவிடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எங்களுக்குள் பேச்சு. எது உண்மை, எது ஹைம் கதை என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் பயந்தோம். அணி வெளியூரில் ஆடிய ஞாயிறுகளில் அக்கா அறைக்குள் நடந்துகொண்டே இருப்பார். மறுநாள் பாண் கடைக்குப் போய், முடிவை முரசுக்காரர் வாயால் கேட்டுவிட்டு வருவார்.

இலையுதிர்காலம் வந்தபோது அணி தோற்றுத் தோற்று அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. கடைசி ஆட்டம் வெளியூரில். அதிலும் தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். ஆதரவாளர்கள் ஒரு பஸ் பிடித்தார்கள். எங்களுக்கும் இடம் வைத்திருப்பதாக முரசுக்காரர் சொன்னார். எங்களுக்குப் போக அனுமதி இல்லை என்று அக்கா சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "அப்படி ஒரு சட்டம் இந்த நாட்டில் இருக்காது. நீங்கள் பிழையாக விளங்கிக்கொண்டீர்கள்" என்றார். உண்மையாகவே அவருக்குத் தெரியாது. அக்கா வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் அனுமதி கேட்டார். வைத்தியரா, வழக்கறிஞரா, நெருங்கிய உறவா என்று கேட்டார்களாம். பந்து விளையாட்டு என்றாராம். அதற்கெல்லாம் தர முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

"எல்லாத்துக்கும் உவையளுக்கு ஒரு காரணம் வேணும். எனக்குப் பாக்க ஆசையாக் கிடக்கு. அது காரணமில்லையோ?" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நான் போகப்போறன். நீ வராதை. உனக்கு அடுத்த மாதம் விசாரணை" என்றார்.

நான் போனேன். துணிச்சலால் அல்ல. அக்கா இல்லாமல் அந்த அறையில் ஒரு பகல் முழுக்கத் தனியாக இருப்பதை நினைக்க அதைவிடப் பயமாக இருந்தது.

பஸ்ஸில் பாட்டும் பியர் மணமும். மஞ்சள் பலகை வருகிறது என்று தெரிந்ததும் நான் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினேன், கட்டியிருந்ததையே அவிழ்த்து மறுபடி கட்டினேன். நிமிர்ந்தபோது பலகை பின்னால் போய்விட்டது. கொஞ்ச தூரத்தில் பச்சையும் வெள்ளையுமான பொலிஸ் கார் ஒன்று எங்களைத் தாண்டாமல் பக்கத்திலேயே வந்தது. அக்கா அவித்த முட்டை ஒன்றை உரித்து என் வாயில் திணித்தார். "மெண்டுகொண்டிரு. மெல்லுற ஆளை ஒருத்தரும் சந்தேகப்படாயினம்." கார் முந்திக்கொண்டு போனது. நான் மென்றுகொண்டே இருந்தேன்.

அந்த மைதானத்தில் அக்கா மூடியை அடிக்கவே இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. மூடியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சுற்றிப் பார்த்தால் எங்கள் நிறத்தில் வேறு யாரும் இல்லை. முரசுக்காரர் திரும்பித் திரும்பி, "அடி, அடி" என்றார். அக்கா சிரித்துத் தலையாட்டினாரே தவிர அசையவில்லை. அவருக்கும் பயம் வரும் என்பதை அன்றுதான் கண்டேன். அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

ஆட்டம் முடியும் நேரத்தில் சமநிலை. எங்கள் ஆள் ஒருவன் மூன்றாவது மெத்தையில் நின்று விலகினான், இன்னும் விலகினான். இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை. எப்படியென்று தெரியாது, மூடவில்லை. எதிரணி எறிந்த பந்து பிடிப்பவனின் கையில் அகப்படாமல் பின்னால் உருண்டது. எங்கள் ஆள் ஓடத் தொடங்கினான். எல்லோரும் எழுந்தார்கள். அந்தக் கணத்தில் என் முகத்துக்கு முன்னால் மூடி வந்தது. நான் கண்டது அதன் உட்பக்கத்தை மட்டும்தான்: கரிவளையம், நடுவில் சப்பாத்து நூலின் முடிச்சு. தலையைத் திருப்பினேன், மூடியும் கூடவே திரும்பியது. சத்தம் வானத்துக்குப் போனது. மூடி இறங்கியபோது வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள்.

"என்னக்கா நடந்தது? நான் காணேல்லை!"

"வெண்டுட்டமடி" என்றார். எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஒரு பருவம் முழுக்கப் பயந்து பயந்து பார்த்துவிட்டு, அந்த ஒன்றைக் காணவிடாமல் செய்துவிட்டாரே என்று வழிமுழுக்க அவரோடு பேசவில்லை.

இரண்டொரு நாளில் முரசுக்காரர் மூச்சிரைக்க ஹைமுக்கு வந்தார். கையில் உள்ளூர்ப் பத்திரிகை. எங்களுக்குப் பரிசு கொண்டுவந்த முகம் அவருக்கு. விளையாட்டுப் பக்கத்தில் அரைப்பக்கப் படம்: வெளியூரில் வென்ற அணியின் ஆதரவாளர்கள். மழைச்சட்டையோடு துள்ளும் கூட்டத்தின் நடுவில் அக்காவின் முகம், வாய் நிறையச் சிரிப்போடு, நேராகக் கமராவைப் பார்த்தபடி. அவருடைய ஒரு கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. அந்தக் கையில் மூடி. மூடிக்குக் கீழே என் பச்சைக் குளிர்ச்சட்டை. எனக்குத் தலை இல்லை.

படம்பிடிக்கிறவர் எங்கள் பக்கம் திரும்பியதை நான் பார்க்கவில்லை. அக்கா பார்த்திருக்கிறார். அந்த ஒரு நொடியில் கையில் இருந்தது ஒரே ஒரு மூடி.

"கடைக் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கிறேன். நகரமே பார்க்கிறது!" என்றார் முரசுக்காரர். அக்கா அவருக்கு நன்றி சொன்னார். அவர் போனபிறகு பத்திரிகையை மேசையில் விரித்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். மடிப்பு எப்போதோ போய்விட்டது. கை மட்டும் நிற்கவில்லை.

அட்டையைப் புதுப்பிக்க அலுவலகம் குறித்துக் கொடுத்த நாள், தெர்மின், அந்தக் கிழமையே வந்தது. இருவரும் போனோம். முதலில் அக்காவைக் கூப்பிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. நான் வெளியே மரவாங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பத்திரிகை சரசரக்கும் சத்தம். பிறகு அதிகாரியின் குரல், கோபமில்லாமல்.

"இது நீங்கள்தானா?"

"ஓம், நான்தான்" என்று அக்கா தன் அரைகுறை ஜேர்மன் மொழியில் சொன்னார்.

"பக்கத்தில் இருப்பது யார்?"

"அது மூடி."

"மூடிக்குப் பின்னால்?"

"மூடிக்குப் பின்னால் பானைதானே இருக்கும், ஐயா."

உள்ளே ஒரு பெண் சிரித்து, உடனே இருமியது கேட்டது. அதன்பிறகு நெடுநேரம் தட்டச்சு ஓசை. நான் என் சட்டையைக் குனிந்து பார்த்தேன். அதே பச்சைக் குளிர்ச்சட்டை. வேறு இல்லாததால் போட்டு வந்திருந்தேன். கழற்றி உட்புறம் வெளியே தெரியச் சுருட்டி மடியில் வைத்தேன். அக்கா வெளியே வந்தார். என்னை யாரென்றே தெரியாதவர்போல என் காலைக் கடந்து நேராகப் படியிறங்கிப் போனார். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனேன். மேசையில் பத்திரிகை விரித்தபடியே கிடந்தது. என் அட்டையில் முத்திரை விழுந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சில கிழமைகளில் அக்காவுக்கு வடக்கே ஒரு ஹைமுக்கு மாற்றம் வந்தது. அந்தப் படம்தான் காரணமா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அக்காவின் பை சிறியது. கட்டி முடித்ததும் மூடியை என் கட்டிலில் போட்டார். "அங்க பானை கிடைக்குமோ தெரியாது. மூடி மட்டும் என்னத்துக்கு?" அவ்வளவுதான் சொன்னார். அவருக்கும் எனக்கும் இடையில் எத்தனையோ மஞ்சள் பலகைகள். அவர் இங்கே வரக்கூடாது, நான் அங்கே போகக்கூடாது. தொலைபேசிப் பெட்டியில் நாணயம் விழுந்து முடியுமட்டும் பேசுவோம்.

அடுத்த பருவத்தில் நான் தனியாகப் போய் முரசுக்காரரின் பக்கத்தில் இருந்தேன். மூடி மடியில். அடிக்க எனக்குக் கை வரவில்லை. உன் தோழி எங்கே என்று கேட்டார். தெரிந்த சொற்களைக் கூட்டிச் சொல்லி முடித்தபோது அவர் முரசைக் கீழே வைத்துவிட்டார். அன்று அவர் அதைத் திரும்ப எடுக்கவில்லை. மறுநாள் பாண் கடைக் கண்ணாடியில் படம் இருந்த இடத்தில் பசையின் தடம் மட்டும் இருந்தது.

எனக்கு இப்போது இந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது. முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. அது பக்கத்து மாவட்டம். தினமும் அந்த மஞ்சள் பலகையைத் தாண்டித்தான் போகிறேன். தாண்டும்போது என் கை தானாகப் பைக்குள் போய் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்க்கிறது. பொலிஸ் கார்கள் நீல நிறத்துக்கு மாறிவிட்டன. என் கைக்கு அது இன்னும் தெரியவில்லை. அக்கா நோர்வேயில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். அந்த ஓட்டத்தைப் பற்றிக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறுமாதிரிச் சொல்வார்: ஒருமுறை அவன் சறுக்கி வந்தான், இன்னொருமுறை தலைகுப்புறப் பாய்ந்தான். போன மாதம் தொலைபேசியில், இத்தனை வருடமும் கேட்காததைக் கேட்டேன்.

"அக்கா, அண்டைக்கு ஏன் மூடியை எனக்குப் பிடிச்சனீங்கள்? உங்களுக்கெல்லோ பிடிச்சிருக்க வேணும்."

"உன்ர கண்ணில வெயில் அடிச்சதடி" என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டு மூடியை ஆணியில் இருந்து எடுத்தேன். அதன் பின்னால், சுவரில், அந்தப் பத்திரிகைப் படத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். மஞ்சளாகிவிட்டது. சுற்றி நிற்பவர்கள் மழைச்சட்டை போட்டிருக்கிறார்கள். அக்காவின் தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருக்கிறது. மூடியை முகத்துக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். அதே கரிவளையம், அதே முடிச்சு. அந்தப் பக்கத்தில் எங்கள் ஆள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தான்.