பூஜை போடாத வண்டி

இந்த வண்டியின் பக்கக் கண்ணாடிகளில் சாலையைவிட ஓட்டுபவரின் முழங்கைகள்தான் அதிகம் தெரியும். முடிச்சூர் சாலையில் முதல் நாள் நான் கவனித்தது அதைத்தான். கைப்பிடிகள் தாழ்ந்திருப்பதால் உடல் தானாகவே டேங்க்கின் மேல் கவிழ்கிறது. பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. நெரிசலில் நின்றால் என்ஜின் சூடு தொடையைச் சுடுகிறது. இத்தனை வருடங்கள் ஸ்கூட்டரில் நிமிர்ந்து உட்கார்ந்து அலுவலகம் போனவனுக்கு, இது வேறொருவர் சட்டையைப் போட்டுக்கொண்டதுபோல் இருந்தது.

உண்மையில் வேறொருவருடையதுதான். எங்கள் வீட்டு மாடியில் இருந்த மைத்துனன், என் மனைவியின் தம்பி, முன்பணம் கட்டிப் பதிவு செய்து வைத்த வண்டி. நீல நிறமும் அவன் தேர்ந்தெடுத்தது. "மாமா, உங்க ஸ்கூட்டர் பின்னாடி உக்காந்தா தூக்கம் வருது. என் வண்டி வரட்டும், கூடுவாஞ்சேரி வரைக்கும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன். வழியில சாமி பேரைச் சொல்லிக் கத்தக் கூடாது, ஆமா" என்று சீண்டுவான். வண்டிக்கு முன்பே நெஞ்சுவலி வந்துவிட்டது. சிறு வயதில் உடைந்த இடது முழங்கை அவனுக்குக் கடைசிவரை நேராகவில்லை. பழைய வண்டியை ஓட்டும்போது அது சிறகுபோல் வெளியே நிற்கும். தெருமுனையில் வருவது அவன்தான் என்று அதை வைத்தே சொல்லிவிடுவோம்.

காரியம் முடிந்த பிறகு, பதிவை ரத்து செய்யத்தான் ஷோரூமுக்குப் போனேன். வண்டியைத் துடைத்துத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். ரத்து செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மீதிப் பணத்தைக் கட்டி ஓட்டி வந்தபோது மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"சாவு விழுந்த வீடுங்க இது. வருஷம் திரும்பற வரைக்கும் பூஜை போட முடியாது. பூஜை போடாத வண்டில யாராவது ஏறுவாங்களா? வித்துடுங்க. என் கண்ணுல படக் கூடாது."

சந்தனம் இல்லை, மாலை இல்லை, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை. ஓட்டாமல் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடும் என்று காரணம் கற்பித்துக்கொண்டு மறுநாள் அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னா தம்பி, ஆளையே காணோம்? வண்டி மாத்திட்டியா? சூப்பரா கீதுப்பா!" என்றார்.

ஐம்பதைத் தாண்டிய என்னை யாரும் தம்பி என்று கூப்பிடுவதில்லை. பதில் சொல்வதற்குள் பச்சை விழுந்து அவர் போய்விட்டார். அப்போதுதான் கண்ணாடிகளைக் கூர்ந்து பார்த்தேன். வலது முழங்கை உடலோடு ஒட்டியிருந்தது. இடது மட்டும் வெளியே நின்றது. உள்ளே இழுத்துக்கொண்டேன். அடுத்த திருப்பத்தில் பார்த்தால் மறுபடியும் வெளியே. என் கை ஒருபோதும் உடைந்ததில்லை. கிளட்ச் இறுக்கமாக இருக்கிறது, கைப்பிடி தாழ்ந்திருக்கிறது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டேன். காரணம் பொருந்தத்தான் செய்தது. பிடரியில் ஏறிய குளிர்தான் இறங்கவில்லை.

மாலை வெயில் இருக்கும்போதே எங்கள் தெருவில் திரும்பினேன். மனைவி கேட்டருகே நின்றிருந்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ கேட்டை அகலத் திறந்துவிட்டு, மாடிப்படி ஓரத்துக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். அவன் வண்டி நிறுத்தும் இடம் அது. அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகு நாட்களாகியிருந்தன. ஹெல்மெட்டைக் கழற்றினேன். அந்த முகம் அப்படியே அணைந்துபோனது.

அதன் பிறகு அவள் விற்பதைப் பற்றிப் பேசுவதில்லை. தினமும் மாலை வந்து நிற்கிறாள். இன்றும் நின்றிருந்தாள். என்ஜினை அணைத்துவிட்டு ஹெல்மெட் வாரில் கை வைத்தேன்.

"இருங்க" என்றாள், என் இடது கையைப் பார்த்தபடி. "கொஞ்சம் கழிச்சுக் கழட்டுங்க."