சஹனில் ஸக்கரியாவின் பக்கம்

ஸக்கரியா நடந்தே பிழைத்தவர். மாத்தளைப் பக்கத்து நாலந்தாவிலிருந்து பல்லேகம வரை எந்தத் தோட்டத்தில் மிளகு நன்றாகக் காய்த்திருக்கிறது என்று அவரைக் கேட்டால் தெரியும். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மேடு பள்ளம் பாராமல் போய் வாங்கி வருவார். இப்போது மாத்தளையில் தன் அறையிலிருந்து சாப்பாட்டுப் பாய் வரை வருவதே அவருக்குப் பெரிய பயணம். பார்க்கின்சன் நோய் வந்த பிறகு, அறைவாசலுக்கு வந்ததும் கால்கள் தரையில் ஒட்டிக்கொள்கின்றன. மனம் எப்போதோ பாயில் போய் உட்கார்ந்துவிடும், கால் வராது.

அந்த வீட்டில் பகல் சாப்பாடு சஹனில்தான். பெரிய தட்டில் சோறும் கறியும் நிறைத்து நடுவில் வைப்பார்கள். ஸக்கரியாவும் தம்பி ஜவாஹிரும் மகன் ஸியாமும் சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருப்பதை மட்டும் எடுத்துச் சாப்பிடுவார்கள். அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. மகனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரே ஸக்கரியாதான்.

அந்த ஒழுங்கை இப்போது அவர் கையே மீறியது. வாய்க்குப் போகிற சோறு வழியில் உதிர்ந்து ஜவாஹிரின் பக்கம் விழுந்தது.

"நானா, பூமியதிர்ச்சி இன்னம் நிக்கல்லயா?" என்று அண்ணனைக் கேட்டார் ஜவாஹிர். எல்லாரும் சிரித்தார்கள். ஸக்கரியாவும் சிரித்தார்.

ஆனால் மறுநாளிலிருந்து நாலு வாய் தின்றதும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கையை எடுத்துவிடுவார். சாப்பாட்டை முடித்து இறைவனைப் புகழும் அந்தச் சொல் வந்த பிறகு யாரும் வற்புறுத்துவதில்லை. சஹனில் சோற்றை மிச்சம் விடுவதும் அந்த வீட்டில் வழக்கமில்லை. மற்ற இருவரும் துடைத்துத் தின்றுவிடுவார்கள். வெறும் சஹன் கழுவுவதற்குக் குசினிக்கு வரும்போது மனைவி நூருன்னிஸாவுக்கு நிம்மதி. இவர் நன்றாகச் சாப்பிடுகிறார் என்றே நினைத்தாள்.

சாரத்துக்கு மேல் இடுப்பில் கட்டும் பச்சை பெல்ட்டில் ஸியாம் ஆணியால் புது ஓட்டை போட்டுக் கொடுத்தான். கன்னம் ஒட்டியது. "வருத்தம் மனிசன உருக்குது" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். உருக்குவது நோயல்ல, பசி என்று ஸக்கரியாவுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் தனித் தட்டு வரும். தனித் தட்டு வந்தால் அடுத்து அறைக்குள்ளேயே சாப்பாடு. பிறகு அந்தப் பாயில் அவருக்கு என்ன இடம்?

ஒரு காலையில் கிணற்றடியில் கால் மடங்கி விழுந்தார். எலும்பு தப்பியது. நூருன்னிஸா அழுதுகொண்டே கிளினிக்குக் கூட்டிப் போனாள்.

தராசைப் பார்த்த தாதி நிரஞ்சனிக்கு முகம் மாறியது. "என்னங்கம்மா, போன தடவைக்கு ரொம்ப இறங்கிட்டாரே. ஐயா சாப்பிடுறாரா?"

"தின்னுறார் மிஸ். சஹன் வெறுமையாத்தான் வருது."

"சஹன்னா?"

"பெரிய தட்டு மிஸ். எல்லாரும் சேந்து தின்ற."

"அப்ப ஐயா எவ்வளவு சாப்பிட்டாருன்னு எப்படிங்க தெரியும்?"

நூருன்னிஸா மெல்லக் கணவர் பக்கம் திரும்பினாள். ஸக்கரியா சுவரில் இருந்த படத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை நடுங்குறதுக்கே ஒடம்புல சத்து செலவாகும்ங்க. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுங்க. மாத்திரை வேலை செய்ற நேரம் பாத்துக் குடுத்தா கையும் கொஞ்சம் கேக்கும்" என்றாள் நிரஞ்சனி.

வீட்டுக்கு வந்ததும் நூருன்னிஸா வெடித்தாள்.

"பசிச்சா செல்ல வாய் இல்லயா ஒங்களுக்கு?"

"செல்லி? ரூமுக்குள்ள தட்டு வெக்கவா?"

அவள் குசினிக்குள் போனாள்.

மறுநாள் அவர் மாத்திரை போட்டுச் சற்று நேரம் கழித்து, குசினி மேசையில் விளிம்பு உயர்ந்த இரண்டு சோற்றுக் கோப்பைகள் இருந்தன. ஒன்றின் முன்னால் அவளே உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் ஆண்கள் தின்று முடித்த பிறகுதான் அவள் சாப்பிடுவது வழக்கம்.

"வாங்க. நானும் இத்தின வருஷம் தனியத்தானே தின்ன."

ஸக்கரியா வந்து உட்கார்ந்தார். அன்று கோப்பை முழுவதையும் தின்றார். மெதுவாகத்தான் தின்றார், அவளும் அவசரப்படவில்லை. பின்னேரம் முட்டையும் பிசைந்த வாழைப்பழமும் வந்தன. பிறகு தினமும் இப்படியே நடந்தது.

அடுத்த கிளினிக்கில் தராசு ஏறியிருந்தது. நிரஞ்சனி சிரித்தாள். நூருன்னிஸா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "மிஸ், இவ இப்ப என்னயப் பாத்துக்கிட்டே தின்னுறா. நான் நிப்பாட்டினா அவளும் நிப்பாட்டுறா. பாவமேன்னு தின்னுறேன்" என்றார் ஸக்கரியா.

அந்த வெள்ளிக்கிழமை ஸியாம் சஹனைப் பாயில் வைக்கவில்லை; மேசையில் வைத்தான். வாப்பாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். ஸக்கரியா குசினிக் கோப்பையிலேயே அரை வயிறு நிறைந்துதான் வந்திருந்தார். ஆனாலும் கையை நீட்டினார். கை நடுங்கியது. ஒரு இறைச்சித் துண்டு தவறி ஜவாஹிரின் பக்கம் போய் விழுந்தது.

எல்லாருடைய கையும் நின்றது.

ஜவாஹிர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நானா, இன்னொன்டு விழுந்தா நல்லம்" என்றார்.

"ஒனக்கு இனி சோறுதான்டா விழும்" என்ற ஸக்கரியா, தன் பக்கத்தில் இருந்து அடுத்த வாய் எடுத்தார்.