தோப்புக்குத் தண்ணீர் விட்ட போன்

“கண்ணாடியப் பாருங்க உஸ்மா. முன்னால பாக்கற அதே அக்கறை பின்னாலயும் இருக்கோணும்.”

“பாத்துட்டேங்க மேடம். ஒரு வெள்ளைக் கார் வருது. நாம கிளம்புனதுல இருந்தே வருது.”

பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அன்புக்கரசியின் கால் அதன்மேல் போய் அழுந்தியது. கார் குலுங்கி நின்றது. வெள்ளைக் கார் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. பின் இருக்கையில் இரண்டு குழந்தைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சும்மா சொன்னேங்க மேடம்” என்று உஸ்மா சிரித்தார். “வண்டி பழக வந்தது நானா நீங்களா? என்னைவிட நீங்கதான் பயப்படறீங்க.”

கோவை சரவணம்பட்டியில் பெண்களுக்கான ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் அன்புக்கரசி வேலை பார்க்கிறார். கண்ணாடியைப் பாருங்கள் என்பது அவரிடம் பழக வருபவர்களுக்குப் பாடம். அவருக்கு அது உயிர்ப் பழக்கம். பஸ்ஸில் ஏறினாலும், கடைக்குப் போனாலும், தெருமுனையில் திரும்பினாலும் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துவிடுவார். அவர் செய்த குற்றம், தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டது.

அவர் பிறந்தது வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரின் காலனியில். அப்பா சுப்பையன், அம்மா மாசாணியம்மாள், இருவரும் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். சுப்பையனுக்கு அதிகப்படியாக ஒரு வேலையும் இருந்தது. மும்முனை மின்சாரம் வந்ததும் கிணற்று மேட்டுக்கு நடந்துபோய் மோட்டார் போடுவது. மழை பெய்தாலும் வழியில் பாம்பு கிடந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும்.

கொங்குப் பேச்சின் மரியாதையைத் தமிழ்நாடே மெச்சுகிறது. ஆட்டுக்குட்டியைக்கூட ‘வாங்க’ என்பார்கள் என்று கேலி பேசுவார்கள். அந்த ‘ங்க’ காலனி எல்லையில் செருப்பைப்போலக் கழற்றி வைக்கப்படுவதை யாரும் பேசுவதில்லை. பள்ளிக்கூடம் போகும் பையன் சுப்பையனை “டேய் சுப்பா” என்பான். தலை நரைத்த சுப்பையன் “சொல்லுங்க சாமி” என்பார். அந்த ஊர்க் கோயிலில் உண்டியலுக்கு மேலே இப்போது க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள். காலனிக்காரரின் காணிக்கை போன் வழியாக உள்ளே போகலாம். கால் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். தீட்டு எதில் ஒட்டும், எதில் ஒட்டாது என்ற கணக்கை அந்தச் சாமிக்கு யார் போட்டுக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

சுப்பையன் மோட்டார் போட்ட தோப்புகளில் ஒன்று கதிரேசனுடையது. கதிரேசனின் ஒரே மகன் கிருபாசங்கர். காங்கேயம் பஸ்ஸில் ஆரம்பித்த பழக்கம், கோவையில் இரண்டு மாலைகளோடு, ஐயரும் தாலியும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தில் முடிந்தது. பதிவும் செய்தார்கள். பதிவுச் சான்றிதழ் சட்டத்தின் கண்ணுக்குத்தான் தெரிந்தது. ஊரின் கண்ணுக்கு அது வெறும் தாள். கதிரேசனின் அண்ணன் மகன் நஞ்சப்பன், “எங்கிருந்தாலும் தூக்கிப்போடுவேன்” என்று டீக்கடையில் சொன்னார். அவருக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

முதலில் தாராபுரத்தில் வீடு எடுத்தார்கள். புதிய ஊர், புதிய காற்று. ஒரு மாலையில் மீன் வறுவல் சாப்பிட்ட சந்தோஷத்தில் அன்புக்கரசி ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார். பின்னால் கடைப் பலகை, கடைக்காரரின் போன் நம்பரோடு தெளிவாக விழுந்திருந்தது. சில நாளில் அந்தத் தெருவில் தெரியாத பைக்குகள் சுற்றின. ஒரு பையோடு ஊரை விட்டுக் கோவைக்கு வந்தார்கள்.

அதற்குப் பிறகு அன்புக்கரசி தன் போனை எதிரி வீட்டு நாயைப்போலத்தான் நடத்தினார். இருவரின் சிம்மையும் மாற்றினார். உறவுக்காரர் குரூப்புகளிலிருந்து இருவரும் வெளியேறினார்கள். முகப்புப் படத்தில் முகம் இல்லை. எந்தச் செயலிக்கும் இருப்பிடத்தைக் காட்டும் அனுமதி இல்லை. டார்ச் செயலிக்கு நான் எங்கே இருக்கிறேன் என்பது எதற்கு என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக அணைத்தார். பிறந்த தேதியாக இருந்த பூட்டு எண்ணை மாற்றினார். பார்சல் எதுவும் வீட்டு முகவரிக்கு வரக்கூடாது. அம்மா பேச வேண்டுமானால் தன் போனில் கூப்பிடக்கூடாது. வேலை செய்யும் இடத்தில் யாருடைய போனையாவது வாங்கிப் பேச வேண்டும்.

அன்று உஸ்மாவின் வகுப்பு முடிந்து காரை நிறுத்தியபோது அப்படியொரு போன் வந்தது.

“அம்மணி, நஞ்சப்பன் காலனிக்கு வந்துபோட்டுப் போறாரு.” மாசாணியம்மாள் அவசரமாகப் பேசினார். “மாப்பிள்ளை நம்பர் கெடைச்சுப்போச்சாம். இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஆளையே கொண்டாந்துருவேன்னு உங்கப்பங்கிட்டச் சொல்றாரு.”

“எந்த நம்பரும்மா? பழசா?”

“புதுசுதான் கண்ணு. கடைசி நாலு எண்ணைச் சொல்லிக் காட்டுனாரு. நான் மனசுல வெச்சுக்கிட்டேன்.”

மாசாணியம்மாள் சொன்ன நான்கு எண்களும் சரியாக இருந்தன.

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அன்புக்கரசி தன்னையே விசாரித்தார். எங்கே ஓட்டை? பயிற்சிப் பள்ளியில் யாராவது வீடியோ எடுத்தார்களா? ஆனால் அதில் கணவர் நம்பர் எப்படி வரும்? பெட்டிக்கடையில் பணம் அனுப்பியபோது திரையில் பெயர் விழுந்ததா? சந்தேகம் தெருவில் போகிற எல்லோர் மீதும் ஏறி இறங்கியது. கணவர்மீது மட்டும் ஏறவில்லை.

கிருபாசங்கர் கணபதியில் பம்பு செட் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். அப்போதுதான் வீட்டு வாசலில் வந்து நின்றவர், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமலே கேட்டார்.

“என்னாச்சுங்க அம்மணி?”

அம்மா சொன்னதை அன்புக்கரசி சொன்னார். கிருபாசங்கர் சுவரில் சாய்ந்தார். அதைப் பார்த்ததும் ஓட்டை எங்கே என்று அன்புக்கரசிக்குப் புரிந்துவிட்டது.

“போனைக் குடுங்க.”

இதுவரை ஒருவர் போனை ஒருவர் திறந்து பார்த்ததில்லை. கிருபாசங்கர் தானே திறந்து ஒரு செயலியைக் காட்டினார். பச்சை வட்டம், சிவப்பு வட்டம். கதிரேசனின் தோப்புக் கிணற்றில் மாட்டியிருக்கும் மொபைல் ஸ்டார்ட்டர். போனிலிருந்து பச்சையை அழுத்தினால் எத்தனை மைல் தள்ளி இருந்தாலும் மோட்டார் ஓடும். கல்யாணத்துக்கு முன்னால் அவரே வாங்கி மாட்டிக்கொடுத்தது. சுப்பையனின் நடை நின்றது அன்றைக்குத்தான்.

“அப்பனுக்கு முட்டி தேஞ்சுபோச்சுங்க. கிணத்து மேடு ஏற முடியாது. செயலி பாக்கவும் தெரியாது. தென்னை காஞ்சா...” குரல் இறங்கியது. “கரண்ட் வாரப்ப நான் போட்டு உட்டுக்கிட்டு இருந்தேன்.”

“இந்த நம்பர்ல இருந்தா?”

“பழைய சிம் போனதும் புது நம்பரைச் சேத்தித்தான் ஆகோணுமுங்க.”

“மோட்டார் போட்டா அங்க மெசேஜ் போகுமா?”

“அப்பன் போனுக்குப் போகும். எந்த நம்பர்ல இருந்து போட்டதுன்னும் வரும். பட்டன் போன்தானுங்க, அவரு எங்க படிக்கப் போறாருன்னு...”

அன்புக்கரசிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. மீன் கடைப் பலகை நினைவுக்கு வந்தது. கத்தவில்லை.

“இன்னைக்கு வேற யாராச்சும் போன் பண்ணுனாங்களா?”

“கூரியர்காரர் மட்டும். மிக்ஸி ஜார் ஆர்டர் போட்டிருந்தனுங்களே, அது. பட்டறை அட்ரஸ் தெரியல, லொகேஷன் போடுங்கன்னாரு. ஊட்டுதைப் போடல, பட்டறைல இருந்துதான் போட்டேன். சாயங்காலமாயிரும், எட்டு மணி நேரத்துக்குப் போட்டு உடுங்கன்னு அவரே சொன்னாரு.”

“ஜார் வந்துச்சா?”

“இல்லீங்க” என்றார் கிருபாசங்கர். அன்புக்கரசி வாட்ஸ்அப்பைத் திறந்தார். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. பட்டறையில் நின்றிருந்த புள்ளி கிருபாசங்கரோடு கணபதியைத் தாண்டி, கடைவீதியைத் தாண்டி, இந்தத் தெருவுக்கு வந்து, இந்த வாசலில் துடித்துக்கொண்டிருந்தது. அவர் நடக்க நடக்க யாரோ பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“நிறுத்திப்போடறேன்” என்று கை நீட்டினார் கிருபாசங்கர்.

“வேண்டாமுங்க.” அன்புக்கரசி போனை இழுத்துக்கொண்டார். “இங்க நிறுத்துனா கடைசிப் புள்ளி இந்த ஊடுதான். நீங்க வந்து செருப்பக்கூடக் கழட்டல. இப்பவே கிளம்புனா வழியில நின்னமாதிரி இருக்கும்.”

“எங்க போறது?”

“அவங்க வந்து நிக்க வேண்டிய இடத்துக்கு.”

பள்ளியில் சொல்லிவிட்டுப் பயிற்சிக் காரை எடுத்தார். முன்னும் பின்னும் சிவப்பில் ‘எல்’ போட்ட அந்தக் காரை அன்று அவர் ஓட்டிய விதத்துக்கு உரிமமே பறிபோயிருக்கும். நேரே காவல் நிலையம்.

பெண் உதவி ஆய்வாளர் எல்லாவற்றையும் கேட்டார். முதலில் சொன்னது, நாட்டில் இப்படிப் போய் நிற்கும் எல்லோருக்கும் சொல்லப்படுவதுதான். “பெரியவங்க கோபம் எத்தனை நாளைக்கும்மா? ஒருதடவ போய்ப் பேசிப் பாருங்களேன்.”

உயிருக்குப் பயந்து வந்தவரைக் கொல்லத் துடிப்பவரோடு சமரசம் பேசச் சொல்வதற்கு எந்தச் சட்டப் புத்தகத்தில் இடம் இருக்கிறது? இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி ஆண்டுகள் ஓடிவிட்டன. அன்புக்கரசிக்கு அந்தத் தீர்ப்பு தெரியும். அது நடக்கிற லட்சணமும் தெரியும். அதனால் வாதாடவில்லை. போனை மேசைமேல் வைத்தார்.

“மேடம், நான் போய்ப் பேச வேண்டியதில்லீங்க. அவங்களே வந்துக்கிட்டு இருக்காங்க. இந்தப் புள்ளியைப் பாத்துட்டு.”

போன் அடித்தது. கூரியர் நம்பர். உதவி ஆய்வாளர் ஸ்பீக்கரை அழுத்தினார்.

“சார், பார்சலோட வந்துட்டனுங்க. பேக்கரிக்குப் பக்கத்துல நிக்கறேன். நீங்க எங்கீங்க?”

கிருபாசங்கர் உதவி ஆய்வாளரைப் பார்த்துத் தலையசைத்தார். காலையில் தெரியாத குரல், இப்போது தெரிந்தது. மூக்கால் பேசிச் சமாளித்தாலும் அது நஞ்சப்பன்தான்.

உதவி ஆய்வாளர் ஒரு நொடி இருவரையும் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ மாறியது.

“பேக்கரிக்கு எதுத்தாப்புல ஸ்டேஷன் இருக்குது பாருங்க” என்றார் போனில். “உள்ள வாங்க. நான் எஸ்.ஐ. பேசறேன். நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன்.”

அந்தப் பக்கம் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. காவலர்கள் ஓடினார்கள். சிறிது நேரத்தில் நஞ்சப்பனையும் கூட வந்த இரண்டு பேரையும் கூட்டிவந்தார்கள். காரில் பார்சல் எதுவும் இல்லை. பின் இருக்கைக்குக் கீழே இரும்புக் கம்பியும் கயிறும் இருந்தன.

“தோட்டத்து வேலைக்கு வெச்சிருக்கறதுங்க” என்றார் நஞ்சப்பன். பிறகு கிருபாசங்கரைப் பார்த்தார். “ஏனப்பா காலனி மாப்பிள்ளை சாமி, தென்னைக்குத் தண்ணி உடறதுல இருந்த அக்கறை குலத்து மேல இல்லையா? உங்கொப்பனும் சரியான கள்ளன்தான். நீ மோட்டார் போடறப்பவெல்லாம் வந்த மெசேஜை அழிச்சுக்கிட்டே இருந்திருக்காரு. நேத்து அவுரு ஊட்டுல கரண்ட் இல்லீன்னு என்ற ஊட்டுல போனைச் சார்ஜுக்குப் போட்டாரு. அந்நேரம் பாத்து நீ மோட்டார் போட்டே, மாட்டிக்கிட்டாரு.”

கிருபாசங்கர் தலை குனிந்து அழுதார். அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே மறைத்திருக்கிறார். அன்புக்கரசிக்கு அழுகை வரவில்லை. மகனின் மெசேஜை அழிக்கத் தெரிந்த மனிதர், தன் அண்ணன் மகன் காலனிக்குள் போய் மிரட்டியபோது ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றுதான் அவருக்குத் தோன்றியது.

புகார் பதிவானது. எத்தனை நாள் உள்ளே இருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டுக்கு அவர்கள் திரும்பவில்லை. உஸ்மா தன் சித்தி வீட்டு மாடியைத் திறந்துவிட்டார். புதிய சிம் வாங்கினார்கள். கடைசியில் அந்தச் செயலி மட்டும் மீதி இருந்தது.

நீக்கவா என்று போன் கேட்டது. கிருபாசங்கர் பச்சை வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“நானே அழுத்தட்டுமா?” என்று அன்புக்கரசி கேட்கவில்லை. காத்திருந்தார்.

கிருபாசங்கரே அழுத்தினார். “இனி யாராச்சும் நடந்து போய்த்தான் மோட்டார் போடோணும்” என்றார்.

யாராச்சும் என்றால் யார் என்பது இருவருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் வேறொருவர் போனிலிருந்து மாசாணியம்மாள் பேசினார். “உங்கப்பனை மோட்டார் போடக் கூப்புட ஆள் அனுப்புனாங்க அம்மணி.”

அன்புக்கரசி உஸ்மாவிடம் காரை ஓரங்கட்டச் சொன்னார். “போனாரா?”

“போகல. வரமாட்டனுங்கன்னு சொல்லிப்போட்டு உள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டாரு. அதுல இருந்து நான் தூங்கல கண்ணு.”

“நாளைக்கு விடியக்காலம் நானே வண்டி எடுத்துக்கிட்டு வாரேன். ரெண்டு பேரும் துணிமணி எடுத்து வெச்சுக்குங்க. யாருக்கும் சொல்ல வேண்டாம்.”

போனை அணைத்துப் பைக்குள் போட்டார். உஸ்மா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்று கேலி இல்லை.

“எடுக்கட்டுங்களா மேடம்?”

“கண்ணாடியப் பாத்துட்டு எடுங்க.”