தைல வாசம்

எண்பதுகளில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் எங்கள் நெட்பால் குழுவுக்குக் குணவதி அக்காதான் கேப்டன். காயம் தெரிந்தால் இடம் போய்விடுமென்று சுளுக்கை மறைத்து ஆடும் முட்டாள்கள் நாங்கள். அக்கா, மைதானத்துக்குப் போகும் பஸ்ஸில் ஒவ்வொருத்தியாக மோந்து பார்ப்பார். தைல வாசம் வந்தால் அன்று ஆட்டமில்லை. “கால் ஆறட்டும். உன் இடம் எங்கயும் ஓடாதுலா!” என்பார், சொன்னபடி இடத்தையும் காத்து வைப்பார். மறைப்பது நின்றது.

இறுதி ஆட்டத்தன்று அக்கா மேல் பவுடர் வாசம் தூக்கலாக அடித்தது, அதற்கடியில் தைலம்! “உங்க இடம் எங்கயும் ஓடாதுலா அக்கா!” என்று பெஞ்சில் உட்காரவைத்தோம். திட்டித் தீர்த்தார்.

ஜெயித்துக் கோப்பையை நீட்டினோம். வாங்காமல், எங்களை வரிசையாக நிறுத்தி மோந்து பார்த்தார். “வெறும் வேர்வைதான்டி!” என்று கத்திக்கொண்டே கோப்பையைத் தூக்கினார்.