யாருக்கும் சொந்தமில்லாத தூங்குமூஞ்சி

திருநின்றவூரில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு பக்கம் மட்டும் கிளை கழித்தேன். அது மறுபக்கம் சாய்ந்தது. தப்பு என்னுடையதுதான்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் முப்பது வருஷமாக வீட்டோர மரங்களை வெட்டி இறக்குகிறேன். இந்தத் தொழிலில் மரம் தொல்லை கொடுக்காது. மரத்துக்குக் கீழே நிற்கிறவர்கள்தான் கொடுப்பார்கள். காற்றடித்தால் ஜன்னலைத் திறந்து கிளையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

பாதி மொட்டை

அந்த மரம் இரண்டு மனைகளுக்கு நடுவில் நின்றது. காம்பவுண்டுச் சுவர் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் வந்து மரத்தில் முட்டி நின்றுவிடும். நடுவில் மரமே சுவர். எல்லைக்கல்லை வேர் என்றைக்கோ விழுங்கிவிட்டது. கிழக்கே மாடி வீடு. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற சதாசிவம் கட்டியது. மேற்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை வீடு. அதில் பிலோமினா என்கிற தையல்காரம்மாவும், பிளஸ் டூ படிக்கும் மகளும்.

சதாசிவத்தின் காரில் இலை விழுகிறதாம். "என் பக்கம் மட்டும் வெட்டு" என்றார். ஒரு பக்கம் கழித்தால் மறுபக்கமும் கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் எடை ஒரே பக்கம் இழுக்கும். எனக்குத் தெரியும். இருபது வருஷமாக எனக்கு மரம் ஏறுகிற மாரிக்கும் தெரியும். "அண்ணாத்தே, ஒரு சைடு மொட்ட அட்ச்சா மரம் அந்தாண்ட சாஞ்சிரும். கீழ ஊடு கீது!" என்று மேலேயிருந்து கத்தினான். அன்றைக்கு இன்னும் இரண்டு வீட்டு வேலை பாக்கி. "பேசாம வெட்டுடா" என்றேன். மனசு கேட்காமல் சதாசிவத்திடம், அந்தப் பக்கமும் கொஞ்சம் குறைக்கட்டுமா என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் அவங்க ஆகாயம்யா. அதுல நாம தலையிடக் கூடாது."

இன்ஸ்பெக்டர் சோதனை

அதே நாள். கிளை இறக்கும்போது கீழே ஆள் நிற்கக் கூடாது. சிவப்புத் துணி கட்டிக் குறுக்கே கயிறு இழுத்திருந்தேன். சதாசிவம் அதைத் தூக்கிவிட்டுக் குனிந்து உள்ளே வந்தார். வெட்டுப்படும் கிளைக்கு நேர் கீழே நின்று இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். வெளியே போங்க என்றேன். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் தன் தலையில் எதுவும் விழுந்ததில்லை என்றார். மாரி ரம்பத்தை நிறுத்திவிட்டுக் கிளையில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"சார், நீ நவுந்தா நான் வெட்றேன். இல்லாங்காட்டி இங்கயே குடித்தனம் பண்றேன், சோத்த மேல அனுப்பு."

மூன்று முறை நகர்ந்த மெஷின்

மழை வந்தது. பிலோமினா போன் செய்தார். வேலை நடந்த அன்று எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர். அப்போதே என் நம்பரை வாங்கி வைத்திருந்தார். போய்ப் பார்த்தேன். மரம் மேற்கே சாய்ந்து, பெரிய கிளை அவர் கூரைக்கு ஒரு முழம் மேலே தொங்கியது. கிழக்குப் பக்கம் மண் ஒரு சாண் எழும்பியிருந்தது. கார் நிறுத்த சதாசிவம் மரத்தடி வரை சிமெண்ட் போட்டபோது அந்தப் பக்கத்து வேர்களையும் வெட்டித் தள்ளியிருக்கிறார். அவர் சொல்லவில்லை. நான் குனிந்து பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் வேறு வீடு போங்களேன் என்றேன். மகளுக்கு அடுத்த மாதம் பரீட்சை, வெட்டி வைத்த பள்ளிக்கூடத் துணி அறை முழுக்கக் கிடக்கிறது, எங்கே போக என்றார். மகளை வாசல் பக்க அறையில் படுக்க வைத்திருந்தார். மெஷின் மட்டும் வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் இருந்தது. மரம் சாயச் சாய அதையும் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறார்.

"மூணு தடவ நகத்திட்டேண்ணே. இனிமே நகத்துனா ரோட்டுலதான் தைக்கணும்."

கிளை வேறு, மரம் வேறு

வேர் எழும்பிய மரத்தில் ஆளை ஏற்ற முடியாது. கிரேன் வேண்டும். பக்கத்தில் ஓடும் கரண்ட் லைனை நிறுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் நகராட்சி ஆபீசில் மனு. மனுவில் மரத்தின் உரிமையாளர் கையெழுத்து. என் தப்பு, கூலி வேண்டாம், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று சதாசிவத்திடம் போனேன். சிமெண்ட் போட்ட மரம் எப்படி விழும் என்றார். பிறகு, அது தன் மரமே இல்லை என்றார். வெட்டச் சொன்னது நீங்கள்தானே என்றேன்.

"கிளைதான்யா என்னுது. மரம் அவனுது."

அந்த 'அவன்' நாகராஜ், பிலோமினா வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர். திருமழிசையில் லேத் பட்டறை. மெஷின் சத்தத்துக்கு நடுவே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கையெழுத்துப் போட்டால் மரம் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், விழுந்தால் நஷ்டம் தன் தலையில் என்று யாரோ வக்கீல் சொன்னாராம். கீழே ஒரு குடும்பம் இருக்கிறதப்பா என்றேன்.

"வுழட்டும் பெரிசு. வுழுந்தா யார் மரம்னு தெரிஞ்சிரும்ல?"

மனு

இதைப் பிலோமினாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். பித்தான் தைத்துக்கொண்டே கேட்டார். "அந்த மனுவக் குடுங்கண்ணே" என்று வாங்கினார். உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். 'மேற்படி மரம் எனக்குச் சொந்தம். எட்டு வருடமாக நான் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறேன்' என்று சேர்த்தார். ஊற்றியதெல்லாம் துணி அலசிய தண்ணீர். அதைப் போட்டோ எடுத்து இரண்டு பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மறுபடி பித்தான் தைக்க உட்கார்ந்தார்.

சதாசிவம் சட்டை கூடப் போடாமல் ஓடி வந்தார். அரை மணியில் நாகராஜ், கையில் கிரீஸோடு. "மரம் இவங்க்ளுதுன்னா நாளிக்கி மண்ணும் இவங்க்ளுதுன்னு ஆயிரும் பெரிசு!" என்று என்னிடம் பதறினார். "உன் மண்ணா? மரம் நிக்கிறது என் மனையில!" என்றார் சதாசிவம். நேற்றுவரை அனாதையாக நின்ற மரத்துக்கு இரண்டு அப்பன். நான் இன்னொரு மனுத் தாளை நீட்டினேன். பேனாவுக்கும் சண்டை. ஒருவர் போட்டதும் மற்றவர் அதற்கு மேலே இடம் தேடிப் போட்டார்.

பிலோமினா தன் மனுவை நான்காகக் கிழித்தார்.

"சரி, உங்க மரத்த உங்களுக்கே விட்டுக் குடுத்துட்டேன். எப்ப வெட்டுறீங்க?"

நாலாம் நாள் அனுமதி வந்தது. லைனை நிறுத்தினார்கள். கிரேன் தொட்டியில் மாரி நின்று, மேற்குப் பக்கத்திலிருந்து துண்டு துண்டாகக் கழித்து இறக்கினான். கூரையில் ஒரு கீறல் விழவில்லை. சதாசிவம் இந்த முறை கயிற்றுக்கு வெளியே நின்றார். மத்தியானத்துக்குள் ஜன்னலோரம் மெஷின் சத்தம் கேட்டது.

ரம்பமும் கயிறுமாக முப்பது வருஷம் திரிந்த நான் சாய்த்த மரத்தை, ஒரு பேனாவால் இறக்கியவர் தையல்காரம்மா பிலோமினா.