மரம் பார்க்க வந்த அதிகாரி

எங்கள் தெருமுனையில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். யாரோ காலமெல்லாம் குடியிருந்த வீடு, இரண்டே நாளில் செங்கல் குவியலாகிவிட்டது. ஆனால் இடிக்கும் இயந்திரம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே இரண்டு தச்சர்கள் வந்து, முன்வாசலில் நின்ற ஓக் மரத்தைச் சுற்றிப் பலகையால் ஆளுயர வேலி எழுப்பிவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே யாரும் போகக்கூடாது, மண் கொட்டக்கூடாது, சாமான் அடுக்கக்கூடாது, வீடு கட்டி முடியும்வரை வேலியைத் தொடக்கூடாது என்று நகரசபையின் அறிவிப்பு அதில் தொங்கியது. நான் வேலை செய்யும் ரொட்டித் தொழிற்சாலைக்கு பஸ் பிடிக்க அந்த வழியாகத்தான் நடப்பேன். ஒருநாள் சும்மா காலடியால் அளந்து பார்த்தேன். டொரொண்டோவில் ஒரு மரத்துக்கு ஒதுக்கிய இடம், இலங்கையில் ஹட்டனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் நான்கு பேர் சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழும்பிய ஒற்றையறை லயக் காம்பராவைவிடப் பெரிதாக இருந்தது. அன்றைக்குச் சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டேன்.

சிரிப்பு நின்றது எங்கள் சொந்த மரத்தின் விஷயத்தில். இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில் ஒரு மேப்பிள் நிற்கிறது. இரண்டு பேர் கைகோர்த்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். நேராக நின்றிருந்தால் எனக்கும் அதற்கும் ஒரு வழக்கும் இல்லை. அது வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து, என் இரண்டு பிள்ளைகளும் படுக்கும் அறைக்கு மேலே கிளை விரித்து நின்றது. வாங்கும்போது பனிக்காலம், இலை இல்லை, அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. இலை வந்து முதல் காற்று அடித்த அன்று, பிள்ளைகளின் கட்டில்களை நானே தனியாக இழுத்து முன்னறையில் போட்டேன். அதற்குப் பிறகு காற்று வரும் என்று கைபேசி சொன்னாலே கட்டில் நகரும். என் மனைவி மலரும் தோட்டத்துக்காரிதான், வலப்பனைப் பக்கம். சமையலறை யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பாள். "ஏங்க, மரம் அது பாட்டுக்கு நிக்குது. நீங்கதான் ஆடுறீங்க" என்பாள். அவளுக்குக் காரணம் தெரியும். ஆனாலும் தெரிவது வேறு, அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பது வேறு.

கடைசியில் மரம் வெட்டும் ஒருவரைக் கூப்பிட்டேன். அண்ணாந்து பார்த்தார், தண்டைத் தட்டினார், பிறகு கையை விரித்தார். இந்த ஊரில் நெஞ்சுயரத்தில் அளந்து ஒரு குறிப்பிட்ட பருமனுக்கு மேல் இருக்கும் எந்த மரத்தையும், அது உங்கள் வளவில் நின்றாலும், நகரசபையின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. வேரைக் காயப்படுத்தினாலும் குற்றம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் வீடு, என் மண், என் பிள்ளைகள். மரம் மட்டும் இன்னொருவர் சொல்கேட்டு நிற்குமா? அவர் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது என் காதில் வேறு ஒரு குரல்தான் ஒலித்தது.

அது எங்கள் தோட்டத்து ஆபீசில் இருந்த பெரிய கிளாக்கரின் குரல். எங்கள் லயத்துக்குப் பின்னால், மேட்டில், தேயிலைக்கு நிழலுக்காக எந்தக் காலத்திலோ நட்ட சவுக்கு மரம் ஒன்று நின்றது. ஒரு மழைக்காலத்தில் அது லயத்தின் பக்கம் சாயத் தொடங்கியது. அப்பா மூன்று தடவை ஆபீசுக்குப் போனார். மூன்றாவது தடவை நானும் கூடப் போனேன். "மரம் கம்பெனிக்குச் சொந்தம். நீங்க ஒரு கெளையில கத்தி வச்சாலும் பொலிசுக்குக் குடுக்க வேண்டி வரும்" என்றார் கிளாக்கர், தலையை நிமிர்த்தாமலே. "வெட்டித் தரச் சொல்லல்லீங்க ஐயா, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார் அப்பா. யாரும் வந்து பார்க்கவில்லை. ஆடி மாதத்துக் காற்றில், பின்னேரம் மூன்று மணிக்கு மரம் விழுந்தது. அம்மாவும் அப்பாவும் மலையில் வேலையில் இருந்தார்கள். காம்பராவில் நானும் தங்கை சுமதியும்தான். எனக்குப் பதினான்கு, அவளுக்கு ஒன்பது. முதலில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நான் வெளியே ஓடிவிட்டேன். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஓடியது நான் மட்டும்தான். கூரைத் தகரமும் வளைமரமும் இறங்கி அவளுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. உயிர் தப்பினாள். காலையும் ஆஸ்பத்திரியில் காப்பாற்றினார்கள், ஆனால் அது மற்றக் காலைவிடக் குட்டையாகிவிட்டது. விழுந்த மரத்தை ஏற்றிப்போக மறுநாள் காலையிலேயே லொறி வந்தது. கூரைக்குத் தகரம் வர ஒரு மாதம் போனது.

இதையெல்லாம் நான் விண்ணப்பத்தில் எழுதவில்லை. மரம் சாய்ந்திருக்கிறது, பயமாக இருக்கிறது, வெட்ட அனுமதி தாருங்கள் என்று மட்டும்தான் எழுதினோம். பதில் வரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. சில வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கதவு மணி அடித்தது. மஞ்சள் மேலங்கி போட்ட, நரைமுடி வெட்டிய ஒரு பெண் நின்றாள். பெயர் ஹெலன், நகரசபையின் மரப் பிரிவிலிருந்து வருகிறேன் என்றாள். மலர் தேநீர் கொடுத்தாள். ஹெலன் அதைப் பின்படியில் வைத்துவிட்டு நேராக மரத்திடம் போனாள். நாடாவால் தண்டைச் சுற்றி அளந்தாள். ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டாள். தொலைநோக்கியால் உச்சியைப் பார்த்தாள். பிறகு மண்டியிட்டு அடிமரத்து மண்ணைக் கையாலேயே விலக்கிப் பார்த்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டால் தோட்டத்து மருந்துக்காரர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எழுந்து, குறிப்பேட்டைத் திறந்து என்னிடம் கேட்டாள்: "எனி லாஸ்ட் லிம்ப்ஸ்?"

லாஸ்ட் என்றால் இழந்தது, லிம்ப் என்றால் கை கால் என்றுதான் எனக்குத் தெரியும். ஆங்கில வகுப்பில் அப்படித்தான் படித்தேன். இவளுக்கு யார் சொன்னார்கள் என்று ஒரு கணம் திகைத்துப் போனேன். பிறகு, கால் முழுதாகப் போகவில்லை, ஆனாலும் கேட்டுவிட்டாளே, சொல்ல வேண்டியதுதான் என்று, "யெஸ். மை சிஸ்டர். ஒன் லெக்" என்றேன்.

ஹெலன் பேனாவை மூடிவிட்டாள். மேப்பிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இந்த மரமா?" என்றாள் மெதுவாக. இல்லை, வேறு மரம், இலங்கையில் என்றேன். மரத்தின் பெரிய கிளைக்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான் என்று அப்போதுதான் விளங்கியது. முகம் சூடாகிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. பின்படியில் போய் உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு, "சொல்லுங்கள்" என்றாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முழுவதையும் சொன்னேன், நான் மட்டும் ஓடியதையும் சேர்த்து. அதை மலரிடம்கூட நான் சொன்னதில்லை. மலர் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேட்டு முடித்த பிறகும் ஹெலன் அனுமதி தரவில்லை. அதுதான் எனக்கு அன்று ஆறாத விஷயம். ஆனால் எழுந்து என்னைக் கையோடு மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். "பாருங்கள், இது விழப்போகிற சாய்வு இல்லை. சின்ன வயதிலேயே வெளிச்சத்துக்காகச் சாய்ந்து, பிறகு தன்னைத்தானே நிமிர்த்திக்கொண்டு வளர்ந்திருக்கிறது" என்று தண்டின் வளைவைக் காட்டினாள். பயப்பட வேண்டிய மரத்துக்குச் சாய்வின் எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்திருக்கும் அல்லது எழும்பியிருக்கும். அடியில் காளான் முளைக்கும். தட்டினால் பொந்துச் சத்தம் கேட்கும். உச்சிக் கிளைகள் காயும். எல்லாவற்றிலும் மோசம், பக்கத்தில் யாராவது மண்ணை வெட்டி வேரை அறுத்திருப்பது. சுத்தியலை என் கையில் தந்து தட்டச் சொன்னாள். தட்டினேன். நிறைந்த குடத்தைத் தட்டியது போலக் கனமாகச் சத்தம் வந்தது. காய்ந்த இரண்டு கிளைகளை மட்டும் வெட்டிவிடுங்கள், அடுத்த வருடம் பயமாக இருந்தால் மறுபடியும் கூப்பிடுங்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை சுமதியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். இங்கே காலை, அங்கே பின்னேரம். சுமதி இப்போதும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறாள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வெட்ட விடவில்லை என்று நான் முறையிடத் தொடங்கினேன். அவளுக்கு அதுவல்ல பெரிதாகப் பட்டது.

"மரத்தப் பாக்க ஒரு ஆளு வந்தாங்களா? வீடு தேடியா?"

"ஆமா. ஒரு மணித்தியாலம் பாத்தாங்க."

"நம்ம அப்பா கேட்டது அதத்தானே அண்ணே" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மடுவத்துக்குப் பின்னால நாலு சவுக்கு நிக்குது. அதுல ஒண்ணு என்னான்னே தெரியல்ல, எனக்குப் புடிக்கவே இல்ல. அந்தம்மா என்னென்ன பாத்தாங்க, ஒண்ணுவிடாமச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

சொன்னேன். எழுதிக்கொண்டாள். மறுநாளே பிள்ளைகளுக்கு மா இடிக்கும் உலக்கையை எடுத்துக்கொண்டு போய் நாலு மரத்தையும் தட்டியிருக்கிறாள். மூன்று கனமாகச் சத்தம் போட்டன. நாலாவது வெற்றுப் பீப்பாய் மாதிரி ஒலித்தது. அடியில் காளான். மேட்டுப் பக்கம், மழைத்தண்ணி ஓடப் புதிதாக வெட்டிய கானுக்குள் அறுபட்ட வேர்கள் தும்பு தும்பாகத் தொங்கின. எல்லாவற்றையும் படம் எடுத்து, தமிழிலும் சிங்களத்திலும் கடிதம் எழுதி, ஒன்றைத் தோட்டத்தை நடத்தும் துரைக்கும் ஒன்றைப் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்தாள். இரண்டு வாரம் பதில் இல்லை. பழைய கதைதான் என்று எனக்கு மனம் சோர்ந்தது. ஆனால் சுமதி அப்பா மாதிரித் தனியாக ஆபீசுக்குப் போகவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குத் தாய்மாரெல்லாம் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்து நின்றார்கள். "மரத்துக்குக் கீழ புள்ளைகள விட்டுட்டு மலைக்குப் போகமாட்டோம். ஒருக்கா வந்து பாருங்க, பாத்துட்டு ஆபத்து இல்லன்னு எழுதிக் குடுங்க, போறோம்" என்று சுமதிதான் முன்னால் நின்று சொன்னாளாம். அப்படி எழுதிக் கையெழுத்துப் போட யாரும் தயாராக இல்லை. மூன்றாம் நாள் ஜீப்பில் துரையும், செயலகத்திலிருந்து ஒரு இளம் அதிகாரியும் வந்தார்கள். சுமதி உலக்கையை அந்த அதிகாரியின் கையில் கொடுத்து, "தட்டிப் பாருங்க மாத்தயா" என்று சிங்களத்தில் சொன்னாள்.

வெட்ட உத்தரவு வந்தது. பிள்ளைகளைக் கோயில் மண்டபத்தில் வைத்துக்கொண்டு, மரத்தை உச்சியிலிருந்து துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். உள்ளே ஒரு ஆள் நிற்கும் அளவுக்குப் பொந்து. அன்று பின்னேரம் சுமதி என்னைக் கூப்பிட்டு இதைச் சொன்னபோது நான் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை.

"வந்தவங்க வந்த கையோட நாலையும் சாய்க்கப் பாத்தாங்க அண்ணே. நான் விடல்ல. மூணும் நல்ல மரம், புள்ளைகளுக்கு நெழலு வேணும், அதுல கைய வைக்காதீங்கன்னு குறுக்க நின்னுட்டேன்."

"ஒனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"எம்மேல விழுந்தது கெட்டுப்போன மரம். எல்லா மரமுமா விழுந்துச்சு?" என்றாள். பிறகு, நான் கேட்காமலே, "நீங்க இன்னமும் அன்னைக்கு ஓடுனத நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கீங்க, எனக்குத் தெரியும். மதினி சொன்னாங்க. நீங்க ஓடிப்போயி ஆளுகள கூட்டிட்டு வரல்லன்னா இந்தக் காலும் இல்ல, நானும் இல்ல. கெடந்து யோசிக்காம கட்டில எடுத்து அது எடத்துல போடுங்க" என்றாள்.

அன்றே, முன்னறையில் கிடந்த கட்டில்களைப் பிள்ளைகளின் அறைக்குத் திருப்பி இழுத்தோம். இந்தத் தடவை மலரும் ஒரு பக்கம் பிடித்தாள். மேப்பிளின் காய்ந்த கிளைகள் இரண்டையும் முறைப்படி ஆள் வைத்து வெட்டிவிட்டேன். அதை வெட்டத் தடை போட்ட சட்டத்தின் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. ஒரு மரத்தைத் தொடக்கூடாது என்று இரண்டு ஊரிலும் எனக்குச் சொன்னார்கள். ஒரு ஊரில் அதைச் சொல்ல ஒருத்தி வீடு தேடி வந்து, மண்டியிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். புலம்பெயர்ந்து வந்தவர்கள் இரண்டு நாட்டையும் ஒப்பிட்டுப் பேசும்போது பெரிய பெரிய விஷயங்களைச் சொல்வார்கள். எனக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும். அந்த வித்தியாசத்தையும் என் தங்கை பாதி குறைத்துவிட்டாள் என்பதில் எனக்கு இருக்கும் பெருமையை இங்கே யாருக்கும் ஆங்கிலத்தில் விளக்கத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை காலை நல்ல காற்று. மேப்பிள் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. பிள்ளைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்க, நான் பின்வளவில் மரத்தடியில் நின்று சுமதியோடு பேசிக்கொண்டிருந்தேன். அவள் மடுவத்தைப் பூட்டிவிட்டு அந்த மூன்று சவுக்குகளுக்குக் கீழே நின்று பேசினாள். அங்கும் காற்று. வலது காதில் வைத்த கைபேசிக்குள் சவுக்குகள் இரைந்தன, இடது காதுக்கு மேலே மேப்பிள் இரைந்தது. "என்னாண்ணே சத்தம்? அங்கயா இங்கயா?" என்று கேட்டாள். நான் கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். பிரிக்கத் தெரியவில்லை. "ரெண்டும்தான்" என்றேன்.